நீலமாக மின்னினால் நெல்லைத் தின்னும் என்று யார் சொன்னது?

இந்தச் சம்பாவில் இது நான்காவது வயல். மன்னார்குடிப் பக்கம் ஒரு விவசாயி, நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் தாக்கிவிட்டது என்று கூப்பிட்டிருந்தார். போய்ப் பார்த்தேன். வயலின் நடுவில் வட்டம் வட்டமாகப் பயிர் காய்ந்து கிடந்தது. தூரை விலக்கிப் பார்த்தால் தண்ணீர் மட்டத்துக்கு மேலே தத்துப்பூச்சி அப்பியிருந்தது. புகையான்தான், சந்தேகமில்லை. புகையானைத் தின்னும் சிலந்திதான் கண்ணில் படவில்லை. ஒன்றிரண்டாவது இருக்க வேண்டுமே என்று பத்துத் தூர் தள்ளியும் பார்த்தேன், இல்லை.

"இதுக்கு முன்னாடி என்ன மருந்து அடிச்சீங்க ஐயா?"

"நீல வண்டுக்கு ரெண்டு தடவை அடிச்சேன் சார். வயல் முழுக்க நீலமா மின்னுச்சு. போட்டோ எடுத்துக்கிட்டுப் போயி கடையில காட்டுனேன். ரெண்டு மருந்தக் கலந்து குடுத்தாங்க."

அந்த போட்டோவை வாங்கிப் பார்த்தேன். நெல் இலையில் ஒரு வண்டு உட்கார்ந்திருக்கிறது. உட்கார்ந்துதான் இருக்கிறது. அது உட்கார்ந்த இலையில் ஓட்டை இல்லை, சுரண்டல் இல்லை, வெள்ளைக் கோடு இல்லை. வரப்போரம் இறங்கிப் பார்த்தேன். நீர்க்கிராம்புக் களைச்செடிகள் வரிசையாக நின்றன, ஒன்றில்கூட முழு இலை கிடையாது. சிவந்த தண்டும் நரம்பும்தான் மிச்சம். அந்த வண்டின் சாப்பாடு அதுதான். அது களையைத் தின்று தீர்த்துவிட்டு, அடுத்த செடியைத் தேடி அலையும்போது நெல்லில் உட்கார்ந்து இளைப்பாறியிருக்கிறது. சம்பளம் வாங்காமல் களையெடுத்த ஆளுக்கு நாம் விஷம் வைத்திருக்கிறோம்.

அதன் பெயர் ஆல்டிகா சயானியா. 1801இல் வெபர் என்பவர் பெயரிட்டது. சயானியா என்றாலே நீலம்தான். பெயர் வைத்தவரே நிறத்தைப் பார்த்துத்தான் வைத்தார் என்பதால் மற்றவர்கள் மேல் நான் ரொம்பக் கோபப்படவும் முடியாது. ஆனால் அவர் நிறத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை, நாம் நிறுத்திக்கொள்கிறோம்.

எனக்கு ஆத்திரம் வருவதே இந்த இடத்தில்தான். நீலம் என்பது வண்டுக்குப் பெயர் அல்ல. அது சாயம்கூட அல்ல. பெரும்பாலான உலோகப் பளபளப்பு வண்டுகளில் மேலோட்டின் மெல்லிய அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளிதான் நீலமாகத் தெரிகிறது. வண்டைச் சாய்க்கச் சாய்க்க நிறம் ஊதாப் பக்கம் நகரும். காலை வெயிலில் எடுத்த படத்தில் ஒரு நிறம், மேகத்தில் எடுத்த படத்தில் வேறு நிறம். ஒரே செடியில் பிடித்த பத்து வண்டில் இரண்டு பச்சையாகவும் ஒன்று கிட்டத்தட்டக் கறுப்பாகவும் இருக்கும். அப்படியிருக்க, "சார் இது நல்ல நீலம், அது பச்சை நீலம், ரெண்டும் வேற வேறதானே?" என்று கேட்டால் நான் என்ன சொல்ல?

சரி, நம் ஊரில் நீலமாக மின்னுகிறவை எவை என்று எண்ணிப் பார்ப்போம். நெல்லில் முள்வண்டு. கருநீலம், உடம்பு முழுக்க முள். இது நெல்லுக்கு எதிரிதான். இலையின் பச்சையத்தைச் சுரண்டி, நரம்போடு நரம்பாக வெள்ளைக் கோடு போடும், புழு இலைக்குள்ளேயே சுரங்கம் வெட்டும். அடுத்து லெப்டிஸ்பா பிக்மியா. இதற்கும் நீல வண்டு என்றுதான் பெயர், குழப்பத்துக்குக் கேட்பானேன். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்திலும் கடலோரக் கர்நாடகத்திலும் தொல்லை அதிகம். ஒல்லியாக நெல்மணி போல நீண்டிருக்கும். இலையின் மேல்புறத்தைச் சுரண்டுவதால் இலை நீளவாக்கில் சுருண்டுகொள்ளும். அதைப் பார்த்து இலைச்சுருட்டுப்புழு என்று மருந்து அடிக்கிறவர்கள் தனிக் கூட்டம். சுருளைப் பிரித்துப் பாருங்கள், இலைச்சுருட்டுப்புழு என்றால் நூலால் தைத்திருக்கும்.

நெல்லை விட்டு வெளியே வந்தால் எருக்கஞ்செடியில் ஒரு நீலம். அது பிளாட்டிகோரினஸ், நம் ஆல்டிகாவைவிட நன்றாகப் பெரியது. எருக்குக் குடும்பத்தை விட்டு உங்கள் வயலுக்கு வராது. அப்புறம் சவுண்டல் மரத்தில் ஒரு நீலம், தோள் இரண்டிலும் ஆரஞ்சுத் திட்டோடு. இது மற்ற நான்கையும் போல இலைவண்டே அல்ல, பொறிவண்டு. குரினஸ் செருலியஸ் என்று பெயர். சவுண்டலில் வந்த செடிப்பேன் கூட்டத்தை ஒழிக்க 1988இல் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த விருந்தாளி. அரசாங்கமே செலவு செய்து கொண்டுவந்த வண்டை "மரத்துக்கு நோய் பிடிச்சிருச்சு" என்று அடித்துக் கொன்றவரையும் எனக்குத் தெரியும்.

ஐந்து நீலம், ஐந்து விதமான வாழ்க்கை. இரண்டு நெல்லைத் தின்னும், ஒன்று களையைத் தின்னும், ஒன்று எருக்கைத் தின்னும், ஒன்று மற்ற பூச்சியைத் தின்னும். இதில் நிறம் உங்களுக்கு என்ன சொல்லிவிட்டது?

எனவே வண்டைப் பார்த்ததும் முதலில் வண்டைப் பார்க்காதீர்கள். எந்தச் செடி கடிபட்டிருக்கிறது என்று பாருங்கள். இலைவண்டுக் குடும்பத்தில் பெயரிடப்பட்ட சிற்றினங்களே 35,000க்கு மேல். அவற்றில் பல, ஒரு செடியையோ அதன் பங்காளிகளையோ தவிர வேறெதையும் தொடாது. நீர்க்கிராம்பைத் தெரியாதவர்களுக்கு: நான்கு இதழ் மஞ்சள் பூ, சிவப்போடிய தண்டு, கிராம்பைப் போல நீண்ட காய். அதன் இலையின் அடியில் மஞ்சள் முட்டைக் கூட்டமும், வெளிப்படையாக மேயும் கருத்த புழுவும் இருந்தால் விஷயம் முடிந்தது. அந்தப் புழு நெல்லில் இருக்காது. இந்தக் களையைக் கட்டுப்படுத்த இந்த வண்டை உபயோகிக்கலாமா என்று இந்திய ஆய்வாளர்கள் அதன் வாழ்க்கையையும் உணவுச் செடிகளையும் ஆராய்ந்து 1987லேயே கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். அதற்காகக் களையெடுப்பை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. வண்டு தன் பசிக்குத் தின்கிறது, உங்கள் கணக்குக்கு அல்ல.

அடுத்தது தொட்டுப் பாருங்கள். ஒரு புல் நுனியால் முதுகைத் தொட்டால் ஆல்டிகா 'டிக்'கென்று குதித்துக் காணாமல் போகும். பின்தொடை பருத்திருப்பது அதற்குத்தான். தெள்ளுப்பூச்சி போலக் குதிப்பதால் இந்தக் கூட்டத்துக்கே தெள்ளு வண்டு என்று பெயர். முள்வண்டு குதிக்காது, லெப்டிஸ்பா குதிக்காது. பொறிவண்டு காலை இழுத்து அடியில் வைத்துக்கொண்டு மஞ்சள் நீரைக் கசியவிடும். பத்து ரூபாய்ச் செலவுகூட இல்லாத சோதனை இது.

பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் கையில் இருந்தால் இன்னும் நல்லது. பச்சைப்பயறு அளவு, முட்டை வடிவம், நூல் போன்ற நீண்ட உணர்கொம்பு, தலைக்குப் பின்னால் உள்ள கழுத்துப் பலகையின் பின்விளிம்பை ஒட்டிக் குறுக்கே ஒரு பள்ளம். இவ்வளவும் இருந்தால் ஆல்டிகா பேரினம் என்று சொல்லிவிடலாம். பொறிவண்டின் உணர்கொம்பு குட்டை, நுனி தடித்திருக்கும். (பாதக் கணுக்களை எண்ணச் சொல்லி மாணவர்களை நான் வதைப்பதுண்டு. இலைவண்டில் நான்கு போலத் தெரியும், உண்மையில் ஐந்து. நான்காவது கணு மூன்றாவதன் மடலுக்குள் ஒளிந்திருக்கும். தேர்வில் நான்கு என்று எழுதிவிட்டு, "எண்ணிப் பார்த்தேன் சார்" என்பார்கள். அவர்கள் சொல்வதும் உண்மைதான்.)

விவசாயிக்குப் பேரினம் போதும். ஆய்வேடு எழுதுகிறவருக்குப் போதாது. ஆல்டிகாவின் சிற்றினங்கள் வெளிப்பார்வைக்கு அச்சடித்தது போல இருக்கும். ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்தெடுத்து நுண்ணோக்கியில் பார்க்காமல் உறுதி சொல்வது கடினம். நானே நீர்க்கிராம்பில் பிடித்ததைத்தான் தைரியமாகச் சயானியா என்கிறேன், அதிலும் சந்தேகம் வந்தால் அறுத்துப் பார்க்கிறேன். ஆனால் சிலர் மொபைல் செயலியில் படத்தைக் காட்டி, அது சொன்ன பெயரை அப்படியே அட்டவணையில் ஏற்றிவிடுகிறார்கள். போன மாதம் ஒரு மாணவர் கொண்டுவந்த பட்டியலில் அகெலாஸ்டிகா ஆல்னி இருந்தது. ஐரோப்பாவில் ஆல்டர் மரத்தில் வாழும் வண்டு அது. "தம்பி, திருவாரூர்ல ஆல்டர் மரம் எங்கப்பா இருக்கு?" என்றேன். தலையைச் சொறிந்தார்.

இப்போது மருந்துக்கு வருவோம். நட்டு முதல் முப்பது நாளில் இலையில் வரும் சின்னச் சேதத்தை நெற்பயிர் தானாகவே ஈடுகட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் பைரித்ராய்டு வகை மருந்தை அடித்தால் சிலந்தியும் மற்ற நன்மைப் பூச்சிகளும் முதலில் போகும். தின்ன ஆளில்லாமல் புகையான் பெருகும். நான் பார்த்த நான்கு வயலிலும் இதே வரிசைதான். வண்டுக்கு அடித்த மருந்து வண்டைக் கொன்றது. அந்த வண்டு நெல்லைத் தொடவே இல்லை என்பதுதான் கொடுமை.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். போட்டோவைப் பார்த்து மருந்து கொடுக்காதீர்கள். "எந்த இலை கடிபட்டிருக்கு?" என்ற ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். பதில் தெரியாமல் நிற்கிறவரை வயலுக்குத் திருப்பி அனுப்புங்கள். உங்கள் வியாபாரம் ஒன்றும் நின்றுவிடாது.

விவசாயிகளுக்கு: முள்வண்டு என்று உறுதியாகத் தெரிந்தால்கூட ஸ்பிரேயரைத் தூக்கும் முன் யோசியுங்கள். நாற்றில் இருந்தால் நடுவதற்கு முன் இலை நுனியைக் கிள்ளிவிடுங்கள், முட்டையில் பெரும்பங்கு அதிலேயே போய்விடும். இரண்டு மருந்தைக் கலக்காதீர்கள், யார் சொன்னாலும். பக்கத்து வயல்காரர் அடித்தார் என்பது காரணமே அல்ல.

எனக்குப் படம் அனுப்பினால் நான்கு அனுப்புங்கள். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் பின்காலோடு ஒன்று, கடிபட்ட இலை ஒன்று, அந்தச் செடி பூவோடு ஒன்று. உள்ளங்கையில் வைத்து எடுத்த கலங்கலான நீலப் புள்ளியை அனுப்பிவிட்டு "என்ன மருந்து?" என்று கேட்டால் பதில் வராது. வண்டையே அனுப்புவதென்றால் பாலித்தீன் பையில் போடாதீர்கள், வியர்த்து அழுகிவிடும். சின்னக் கண்ணாடிப் புட்டியில் ஸ்பிரிட் ஊற்றி, உள்ளேயே பென்சிலால் எழுதிய துண்டுச் சீட்டைப் போடுங்கள். ஊர், தேதி, எந்தச் செடியில் பிடித்தது. பேனாவில் எழுதினால் மை கரைந்து வெறும் சீட்டுதான் வரும்.

உயிரோடு தீப்பெட்டியில் போட்டு அனுப்பவும் வேண்டாம். போன வாரம் ஒருவர் அப்படித்தான் கொண்டுவந்து மேசையில் வைத்தார். திறந்தேன். ஏழெட்டு இருந்திருக்கும், அத்தனையும் குதித்து ஓடிவிட்டன. ஒன்று என் டீயில் விழுந்தது. லென்ஸை எடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை.