பந்துடைமையா, பந்திருப்பா?

கால்பந்தில் ஓர் அணியிடம் பந்து இருப்பதை ஆங்கிலத்தில் 'பொசஷன்' என்பார்கள். நீலகிரியின் கூடலூர், பந்தலூர்ப் பக்கத்து செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) ஆட்டங்களில் மைக் பிடிப்பவர்கள்கூட அதை 'பந்துடைமை' என்கிறார்கள். செய்தித்தாள் மொழிபெயர்ப்பில் கிளம்பிய பிழை மைதானம்வரை வந்துவிட்டது.

பொசஷன், லத்தீன் 'பொஸ்ஸிதேரே'யிலிருந்து வந்தது. வல்லமையைச் சுட்டும் ஒரு வேரும் 'உட்கார்' என்னும் வினையும் சேர்ந்த சொல்.

உடைமை என்றால் சொத்து. விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். இரண்டு நொடியில் கால் மாறும் பந்து யாருக்குச் சொத்து? கூடலூர்க்காரர்களுக்கு இந்த வேறுபாட்டை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1969இல் ஜன்மம் என்ற பரம்பரை நிலவுடைமையை ஒழிக்கும் சட்டம் வந்த பிறகும் பட்டா இல்லாமல், நிலத்தில் குடியிருந்து பயிர் செய்கிற குடும்பங்கள் இங்கே ஏராளம். நிலம் அவர்களிடம் இருக்கிறது, உடைமை இல்லை. பத்திரத் தமிழ்கூட 'அனுபோகம்' என்று அதைப் பிரித்துத்தான் எழுதுகிறது. விளையாட்டுப் பக்கத்துக்கு மட்டும் அந்தக் கவனம் வேண்டாமா?

'பந்து ஆதிக்கம்' இதைவிட மோசம். கணக்கைச் சொல்லும்போதே தீர்ப்பையும் எழுதிவிடுகிறது. 2022 உலகக் கோப்பையில் ஜப்பான் ஸ்பெயினை 2-1 என வென்றது. ஜப்பானிடம் பந்து இருந்ததோ ஏறத்தாழ 18 சதவீதம். 2018இல் ரஷ்யாவுக்கு எதிராக ஸ்பெயின் ஆயிரத்துக்கும் மேல் பாஸ் போட்டது, ஆட்டம் 1-1, பெனால்டியில் தோற்று ஊர் திரும்பியது. இதற்கா ஆதிக்கம் என்று பெயர்?

'கைவசம்' என்பாரும் உண்டு. பந்தில் கை பட்டால் ஃபவுல் கொடுக்கும் ஆட்டத்தில் அது பொருந்தாது. 'வசம்' வடசொல், நம்மிடம் சொல் இருக்கும்போது கடன் எதற்கு?

பந்திருப்பு என்பதே சரி. "பந்து யார்கிட்ட இருக்கு?" என்றுதான் ஆடுகிறவர்கள் கத்துகிறார்கள். கையிருப்பு, சரக்கிருப்பு எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்கு வந்தவரை "இருங்க" என்று உட்காரச் சொல்கிறோமே, லத்தீன் வேரில் உள்ள அந்த உட்காருதலும் நம் 'இரு'வுக்குள் இருக்கிறது. பந்திழப்பு, பந்துமீட்பு என்று உடன்சொற்களும் இயல்பாக வந்து சேர்கின்றன.

தனி வீரரை எடைபோடும்போதுதான் மொழிபெயர்ப்பாளர்கள் பெருங்குழப்பம் செய்கிறார்கள். "அவருடைய பந்துடைமை 62 சதவீதம்" என்று எழுதுகிறார்கள். அது அணியின் எண். ஓர் அணி போட்ட பாஸ்களை இரு அணிகளின் மொத்தப் பாஸ்களால் வகுப்பது, கால்பந்துப் புள்ளிவிவரம் தொகுக்கும் ஆப்டா நிறுவனத்தின் கணக்கு முறை. நடுத்தடுப்பாளர் இருவர் தங்களுக்குள் உருட்டிக்கொண்டே இருந்தாலும் அந்தச் சதவீதம் ஏறும். ஓரத்தில் ஆளைக் கடக்கத் துணியும் வீரருக்குப் பந்திழப்பு கூடும். அதனால் அவர் மட்டமானவர் ஆகிவிட மாட்டார். எதிரணியின் பெனால்டி பெட்டி ஓரம் இழப்பதும் சொந்த கோல் முன்னால் இழப்பதும் ஒன்றல்ல. வீரரைப் பற்றி எழுதுகிறவர் எத்தனை தடவை தொட்டார், எங்கே இழந்தார், எங்கே மீட்டார் என்று எழுதட்டும். அணியின் பந்திருப்பை அவர் தலையில் கட்ட வேண்டாம்.