ஒரு நெஞ்சு, இரண்டு தெர்மோஸ்டாட்

“31 வாரத்தில் இரட்டைப் பெண் குழந்தைகள். பெரியவள் 1,450 கிராம், சின்னவள் 1,180. பத்து நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தார்கள். பெரியவள் பெட்டிக்கு ஒரு சூடு, சின்னவள் பெட்டிக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல். இப்போது நர்ஸ் இரண்டு பேரையும் ஒன்றாக என் மனைவியின் நெஞ்சில் கட்டிவிடுகிறார். உடம்பு ஒன்று, அதற்கு வெப்பநிலையும் ஒன்று. இரண்டு பேருக்கும் தனித்தனிச் சூடு எப்படிக் கிடைக்கும்?”

கேட்டிருப்பவர் ஏசி மெக்கானிக். அதனால்தான் டாக்டர்களுக்குக்கூடச் சட்டென்று தோன்றாத கேள்வி அவருக்குத் தோன்றியிருக்கிறது.

இரட்டையர் சீக்கிரம் பிறப்பது அதிசயம் இல்லை. பாதிக்கு மேற்பட்ட இரட்டையர் 37 வாரம் முடியும் முன்பே வந்துவிடுகிறார்கள். அப்படி வருகிறவர்களுக்கு முதல் சிக்கல் நுரையீரல். காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற வழவழப்பான பொருள் அவர்களிடம் போதுமான அளவு இருக்காது. அதற்காகப் பிரசவத்துக்கு முன்பே தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். பிறந்தபின் தேவைப்பட்டால் குழந்தையின் மூச்சுக்குழாயில் சர்ஃபாக்டன்ட்டையே விடுவார்கள். அடுத்த சிக்கல், மூச்சு விட மறந்துபோவது. அதற்கு மருந்து காஃபீன். ஆமாம், நம் ஃபில்டர் காபியில் இருக்கும் அதே காஃபீன்தான். இவை பற்றி நிறையப் பேர் எழுதியாயிற்று. நான் சூட்டுக்கு வருகிறேன்.

60 கிலோ எடையுள்ள ஒருவரின் தோலை விரித்து அளந்தால், கிலோவுக்குச் சுமார் 280 சதுர சென்டிமீட்டர் வரும். ஒரு கிலோ குழந்தைக்கு அது கிட்டத்தட்ட 1,000. சூட்டை உண்டாக்கும் உடம்பு சின்னது, சூட்டை வெளியே விடும் தோலோ அதற்குப் பொருந்தாத அளவு பெரியது. பெரிய குண்டானில் இருக்கும் வெந்நீரைவிட டம்ளரில் இருக்கும் வெந்நீர் சீக்கிரம் ஆறுவதும் இதனால்தான். சின்னவளின் பெட்டிக்குக் கூடுதல் சூடு வைத்த காரணமும் இதுவே. 270 கிராம் வித்தியாசம் நமக்குச் சாதாரணம், அவர்களுக்கு அது உடம்பில் ஐந்தில் ஒரு பங்கு.

போதாக்குறைக்கு, குறைப்பிரசவக் குழந்தையின் மேல்தோல் இன்னும் முதிராதது. மண்பானை போல. பானையின் நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகி உள்ளிருக்கும் தண்ணீரைக் குளிர வைக்கிறதல்லவா, அந்த வேலை இந்தத் தோலிலும் நடக்கிறது. நமக்குப் பானைத் தண்ணீர் சுகம், குழந்தைக்கு ஆபத்து. மிகச் சிறிய குழந்தைகளைப் பிறந்தவுடன் துடைக்கக்கூடச் செய்யாமல் கழுத்துவரை பிளாஸ்டிக் உறையில் வைப்பது அதற்காகத்தான். பிறந்து இரண்டு வாரத்துக்குள் தோல் வேகமாக முதிர்ந்துவிடும்.

குளிரெடுத்தால் நமக்கு உடம்பு நடுங்கும், அதில் சூடு பிறக்கும். பச்சிளம் குழந்தைக்கு அந்த வித்தை கைவராது. அதனிடம் இருப்பது பழுப்புக் கொழுப்பு. தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவிலும் கழுத்திலும் சிறுநீரகத்தைச் சுற்றியும் இருக்கும். சாதாரண செல்லில் மைட்டோகாண்ட்ரியா என்ற குட்டி மின்நிலையம் எரிபொருளை எரித்து, மேட்டூரில் தண்ணீரை டர்பைன் வழியாக விட்டு மின்சாரம் எடுப்பதுபோல, செல்லின் வேலைகளுக்குச் சக்தி தரும் ஏ.டி.பி. என்ற பொருளைத் தயாரிக்கிறது. பழுப்புக் கொழுப்புச் செல் டர்பைனைத் தொடுவதே இல்லை, பக்கத்து மதகைத் திறந்துவிடுகிறது. எரித்தது அவ்வளவும் சூடாக வெளிவருகிறது. ஆனால் இந்தக் கொழுப்பு சேர்வது கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில். 31 வாரத்தில் கிளம்பி வந்தவர்களிடம் கொஞ்சம்தான் இருக்கும். அதையும் எரித்துத் தீர்த்தால் ஆக்சிஜனும் சர்க்கரையும் சேர்ந்து செலவாகும், எடை ஏறாது.

சரி, இனி மெக்கானிக்கின் கேள்வி.

இன்குபேட்டர் என்னும் அந்தக் கண்ணாடிப் பெட்டியில் குழந்தையின் வயிற்றில் ஒரு சென்சார் ஒட்டியிருக்கும். தோல் 36.5 டிகிரிக்குக் கீழே போனால் ஹீட்டர் கூடும், மேலே போனால் குறையும். நம் ஏசி ரிமோட்டின் தலைகீழ் வேலை. தாயின் நெஞ்சில் சென்சாரும் கிடையாது, ஹீட்டரும் கிடையாது. அங்கே நடப்பவை இரண்டு.

முதலாவது, வெறும் இயற்பியல். இரண்டு பொருட்கள் ஒட்டியிருக்கும்போது வெப்பம் எவ்வளவு வேகமாகப் பாயும் என்பதை அவற்றின் வெப்பநிலை வித்தியாசம் தீர்மானிக்கிறது. பெரியவளின் தோல் 36.4, சின்னவளுடையது 35.6 என்று வையுங்கள். அம்மாவிடமிருந்து சின்னவளுக்குத்தான் அதிகம் பாயும். யாரும் குமிழைத் திருக வேண்டாம், குளிர்ந்தவள் தானே கூடுதலாக இழுத்துக்கொள்கிறாள். இதில் ஒரு பாதுகாப்பும் உண்டு. மேலிருந்து சூடடிக்கும் வார்மரில் சென்சார் கழன்றுவிட்டால் குழந்தை அளவுக்கு மீறிச் சூடாகிவிடலாம். அம்மா என்னும் அடுப்போ அவருக்குக் காய்ச்சல் இல்லாதவரை 37 டிகிரியைத் தாண்டுவதில்லை.

இரண்டாவதுதான் என்னை நாற்காலியின் நுனிக்குக் கொண்டுவந்தது. குழந்தை குளிர்ந்திருந்தால் தாயின் மார்புத் தோல் சூடேறுகிறது, குழந்தைக்குப் போதுமான சூடு வந்ததும் இறங்குகிறது. தோலடி ரத்தக்குழாய்கள் விரிந்தால் அதிக ரத்தம் வந்து சூடு கூடும், சுருங்கினால் குறையும். ஒற்றைக் குழந்தைகளில் இதை முன்பே கண்டிருந்தார்கள். இரட்டையர் என்றால்? அமெரிக்க ஆய்வாளர் சூசன் லுடிங்டன்-ஹோவும் குழுவினரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு தாய்மார் தங்கள் குறைப்பிரசவ இரட்டையரை ஒன்றரை மணி நேரம் நெஞ்சில் ஏந்தியிருந்தார்கள். மார்பின் இரு பக்கத்திலும் தனித்தனி வெப்பமானி. இடது மார்பு இடப்பக்கக் குழந்தையின் தேவைக்கு ஏற்பவும், வலது மார்பு வலப்பக்கக் குழந்தைக்கு ஏற்பவும் மாறியது தெரிந்தது. இரண்டே ஜோடிதான், கல்லில் செதுக்கிவிட முடியாது. ஆனால் உடலமைப்பு இதற்கு இடம் கொடுக்கிறது. இரு பக்கத்துக்கும் ரத்தக்குழாய்கள் தனி, தோல் நரம்புகளும் தனி. ஆக ஐயா, நீங்கள் உடம்பு ஒன்று என்று நினைத்தது சரி. யூனிட் ஒன்றுதான், ஜோன் இரண்டு!

நெஞ்சோடு கட்டும் இந்த முறை பிறந்த கதையும் பற்றாக்குறையின் கதை. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் ஒரு தாய்சேய் மருத்துவமனை. இன்குபேட்டர் போதாமல் ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகள், ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்குத் தொற்று. அங்கே எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் குழந்தைகளைத் தாயின் நெஞ்சோடு கட்டச் சொன்னார். பிறகு எக்டர் மார்ட்டினெஸ் சேர்ந்துகொண்டார். கங்காரு பராமரிப்பு என்று பேர் வந்தது. ஏழைகளுக்கான மாற்று ஏற்பாடு என்றே பல காலம் பார்க்கப்பட்டது.

குழந்தையின் நிலை சீராகும்வரை காத்திருக்காமல் பிறந்த கையோடு தொடங்கினால் என்ன என்பதைப் பெரிய அளவில் சோதித்த முடிவு 2021இல்தான் வந்தது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் 3,211 குழந்தைகள், எடை 1,000 முதல் 1,799 கிராம். இந்தியாவில் டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனை. முதலில் பெட்டி, பிறகு கங்காரு என்ற வழக்கமான முறையில் 28 நாளுக்குள் 15.7 சதவீதம் இறந்தார்கள். உடனடியாகத் தொடங்கியவர்களில் 12 சதவீதம். வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். 2022இல் உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையை மாற்றியது.

1978க்கும் 2021க்கும் நடுவே 43 வருடம். இது ஒரு மாத்திரையாக இருந்திருந்தால் இத்தனை காலம் ஆகியிருக்குமா? அம்மாவின் தோலுக்குக் காப்புரிமை வாங்க முடியாது, விற்பனைப் பிரதிநிதி பையோடு வந்து நிற்க மாட்டார். இப்போதும் ஒரு வென்டிலேட்டர் வாங்கினால் ரிப்பன் வெட்டி விழா எடுக்கிறோம். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் அம்மா சாய்ந்து உட்கார ஒரு நல்ல நாற்காலி கேட்டால் இடம் இல்லை என்கிறோம். அந்த ஆய்வில் உடனடியாகத் தொடங்கிய குழந்தைகள் நாளொன்றுக்குச் சுமார் 17 மணி நேரம் நெஞ்சில் இருந்தார்கள். பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து அது நடக்குமா?

இன்னொன்று. 31 வாரம் என்பது எட்டாம் மாதம். “ஏழுகூடத் தேறிடும், எட்டு தங்காது” என்று உறவுக்காரர்கள் மெக்கானிக்கின் காதுபடவே பேசினார்களாம். என் பாட்டியும் சொல்வார். பண்டைய கிரேக்க மருத்துவ நூல்களிலும் இதே நம்பிக்கை இருக்கிறது, ஆகவே நம் ஊர்ச் சொத்து என்று பெருமைப்படவும் வழியில்லை. உண்மை நேர் எதிரானது. 37 வாரம்வரை வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம். பேசினால் கேட்டுத் தொலைக்கலாம். ஆனால் பார்க்க வருகிறவர்கள் சேனை வைக்கிறேன் என்று தேனையோ சர்க்கரைத் தண்ணீரையோ நாக்கில் தடவ விடாதீர்கள். இந்தக் குடல் அதைத் தாங்காது. கறந்த தாய்ப்பால், டியூபிலோ பாலாடையிலோ, அது போதும்.

கடைசியாகக் கொஞ்சம் கூச்சத்தோடு ஒன்று கேட்டிருந்தார்: அப்பா கட்டிக்கொண்டால் ஆகுமா, நெஞ்சில் முடி இருக்கிறதே?

ஆகும். அப்பாக்களின் நெஞ்சிலும் குழந்தைகளின் வெப்பநிலை நன்றாகவே நிலைக்கிறது. முடி ஒரு பிரச்சினை இல்லை. குளித்துவிட்டு, சென்ட் அடிக்காமல், முன்பக்கம் திறக்கும் சட்டை போட்டுக்கொண்டு போங்கள். சளி, இருமல் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். குழந்தைக்கு டயபர், தொப்பி, காலுறை தவிர வேறு துணி கூடாது. தலை ஒரு பக்கம் திரும்பியிருக்கட்டும், தாடை நெஞ்சோடு மடங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் நாள் ஒரு குழந்தை போதும். யாரை என்று நர்ஸ் கேட்டால், சின்னவளைக் கேளுங்கள். அந்த ஒரு மணி நேரம் உங்கள் மனைவி தூங்கட்டும்.