நீலாம்பூர் தாண்டினால் நெஞ்சு அடித்துக்கொள்வது ஏன்?

கோயம்புத்தூரிலிருந்து திருப்பூருக்கு அவிநாசி ரோடு வழியாக ஏறக்குறைய 50 கிலோமீட்டர். நாலு வருஷம் அந்த ரோட்டில் பஸ்ஸில் போய் வந்தேன். பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. ஆர்டர் கொடுக்கிற பையருக்கும் தையல் தளத்துக்கும் நடுவே நிற்கிற வேலை அது. சாயப்பட்டறையிலிருந்து துணி வரவில்லையென்றாலும் நம்மைத்தான் கேட்பார்கள், கலர் ஒரு ஷேடு மாறிவிட்டாலும் நம்மைத்தான் கேட்பார்கள்.

ஒரு நாள் காலை நீலாம்பூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் லாரி வரிசை. மடியில் சாம்பிள் கவர், ஒன்பதரைக்கு மீட்டிங், பையில் போன் விடாமல் அடிக்கிறது. திடீரென்று நெஞ்சு தடதடக்க ஆரம்பித்தது. மூச்சை எவ்வளவு இழுத்தாலும் பத்தவில்லை. விரல் நுனியெல்லாம் மரத்துப்போய், உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. ஹார்ட் அட்டாக் என்றே நினைத்தேன். கருமத்தம்பட்டியில் இறங்கி, ஒரு கடைத் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஈசிஜி நார்மல். விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் 99 என்று காட்டியது. “ஒண்ணுமில்லீங்க, டென்ஷன்தான்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்த ‘ஒண்ணுமில்லை’யைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இதயத்தில் கோளாறு இல்லை என்பது உண்மை. ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தில் உடம்புக்குள் நிறைய நடந்தது, ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. அந்தக் காரணம் அன்றைக்கே தெரிந்திருந்தால் அடுத்த எட்டு மாதம் எனக்கு வேறு மாதிரி போயிருக்கும்.

மூளைக்குள், காதுக்கு நேர் உட்புறமாக, பாதாம் பருப்பு அளவில் அமிக்டலா என்று ஒரு பகுதி இருக்கிறது. ஆபத்து என்று அதற்குத் தோன்றினால், நாம் யோசித்து முடிக்கும் முன்பே மணியடித்துவிடும். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினைக் கொட்டும். இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு வேகமாக ஓடும். கரட்டில் நாயோ பன்றியோ துரத்தினால் ஓடித் தப்பிக்க இதெல்லாம் வேண்டும். பஸ் சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு ஓட இடமில்லை. மூச்சு மட்டும் ஓடுகிறது.

அங்கேதான் விரல் மரத்துப்போனதன் விளக்கம் இருக்கிறது. தேவைக்கு மேல் மூச்சுவிடும்போது ஆக்சிஜன் குறைவதில்லை, அதனால்தான் கருவி 99 காட்டியது. குறைவது கார்பன் டை ஆக்சைடு. அது குறைந்தால் ரத்தத்தின் காரத்தன்மை கூடும். காரத்தன்மை கூடினால் ரத்தத்தில் தனியாகத் திரியும் கால்சியம் புரதத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும், நரம்புகள் சும்மாவே துடிக்க ஆரம்பிக்கும். விரலிலும் உதட்டிலும் எறும்பு ஊர்வது அதனால்தான். கார்பன் டை ஆக்சைடு குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்களும் சுருங்கும், தலை கிறுகிறுக்கும். கிறுகிறுத்ததும் ‘மயக்கம் வரப்போகுது’ என்று பயந்து இன்னும் வேகமாக மூச்சை இழுப்போம். மூச்சு பத்தவில்லை என்று தோன்றிய அந்த நேரத்தில் நான் வேண்டியதற்கு மேலேயே விட்டுக்கொண்டிருந்தேன். மயங்கி விழ ரத்த அழுத்தம் இறங்க வேண்டும். இந்தப் பயத்திலோ அது ஏறுகிறது. அதனால் இப்படிப்பட்ட நேரத்தில் உண்மையாகவே மயங்கி விழுவது அபூர்வம்.

1986-ல் டேவிட் கிளார்க் என்ற ஆங்கிலேய உளவியலாளர் இந்தச் சுற்றை விளக்கி எழுதினார். உடம்பில் ஒரு சின்ன மாற்றம் தெரிகிறது, அதை ‘சாகப்போகிறேன்’ என்று மனசு தவறாக வாசிக்கிறது, அந்த வாசிப்பே பயத்தைக் கூட்டுகிறது, பயம் உடம்பின் மாற்றத்தைக் கூட்டுகிறது. இதைத்தான் பேனிக் அட்டாக் என்கிறோம். பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சிக்குப் போய், அப்புறம் தானாகவே இறங்கும்.

சரி, ஒரு தடவை வந்தது போயிற்று என்று அது ஏன் முடிவதில்லை? எனக்கு மறுநாள், நீலாம்பூருக்கு முன்னாலேயே இருக்கிற ஹோப்ஸ் ஸ்டாப் தாண்டும்போதே வயிற்றைப் பிசைய ஆரம்பித்தது. அமிக்டலா அந்த ரோட்டையே குறித்து வைத்துக்கொண்டது. டீசல் வாசம், லாரியின் பின்பக்கம், நின்றுபோன பஸ், எல்லாமே மணியை அடித்தன. மணியடித்துச் சோறு போட்டால் அப்புறம் மணிச் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்று ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் காட்டியது இந்தப் பாடத்தைத்தான். ஆனால் இது பாதிக் கதை. மீதிப் பாதியை நானே செய்தேன்.

பஸ்ஸை விட்டு ரயிலுக்கு மாறினேன். சோமனூர் வரைக்கும் சரியாக இருக்கும், வஞ்சிபாளையத்தில் சிக்னலுக்கு நின்றால் வியர்க்கும். ரயிலையும் விட்டுவிட்டு, தெரிந்தவர் காரில் வாசல் பக்கமாக உட்கார்ந்து போனேன். கையில் எப்போதும் தண்ணீர் பாட்டில். கடைசியில் வாரத்தில் ரெண்டு நாள் லீவு. லீவு என்று மெசேஜ் அனுப்பிய அந்த நொடியில் உடம்பெல்லாம் இளகி ஒரு நிம்மதி வரும் பாருங்கள், அந்த நிம்மதிதான் வினை. ஹோபார்ட் மௌரர் என்ற அமெரிக்க உளவியலாளர் போன நூற்றாண்டின் நடுவில் சொன்ன விளக்கம் இது: பயம் ஒரு வழியில் ஒட்டுகிறது, தவிர்ப்பது இன்னொரு வழியில் ஊன்றுகிறது. தவிர்க்கும் ஒவ்வொரு முறையும் கிடைக்கிற நிம்மதி ஒரு கூலி போல. ‘இறங்கினோம், பிழைத்தோம்’ என்று மூளை கணக்கெழுதிக்கொள்கிறது. இறங்காமல் இருந்திருந்தாலும் பிழைத்திருப்போம் என்பதைத் தெரிந்துகொள்ள அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

“வெசனப்பட்டே ஒடம்பக் கெடுத்துக்கிட்ட கண்ணு” என்று அம்மா கோயில் திருநீறு பூசிவிட்டார். அன்றைக்கு ராத்திரி நன்றாகவே தூங்கினேன், அம்மாவின் கை அவ்வளவு பெரிய ஆறுதல். ஆனால் ஆறுதல் வேறு, மூளை படித்துவிட்ட பாடத்தை மாற்றுவது வேறு. தெரபி, அதாவது சைக்காலஜிஸ்ட்டிடம் போய் எடுக்கிற சிகிச்சை, செய்வது ரெண்டாவது வேலையை. அங்கே போனால் நல்வார்த்தை சொல்லித் தேற்றுவார்கள் என்றுதான் நானும் நினைத்துப் போனேன்.

ரெண்டாவது வாரமே சைக்காலஜிஸ்ட் என் கையில் இளநீர்க் கடை ஸ்ட்ரா ஒன்றைக் கொடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் அதன் வழியாக மட்டும் மூச்சுவிடச் சொன்னார். நாற்பதாவது விநாடியில் நெஞ்சு இறுகியது. அடுத்து, வேண்டுமென்றே ஒரு நிமிஷம் வேகவேகமாக மூச்சு. விரல் மரத்தது, உதட்டில் எறும்பு ஊர்ந்தது. கருமத்தம்பட்டியில் பார்த்த அத்தனையும் ஃபேன் ஓடுகிற ரூமில், நாற்காலியில் உட்கார்ந்தபடி வந்தது. நிறுத்தியதும் ரெண்டு மூணு நிமிஷத்தில் போய்விட்டது. உடம்பின் மாற்றத்தை வேண்டுமென்றே வரவழைத்து, ‘இது பயமுறுத்தும், ஆனால் கொல்லாது’ என்று உடம்பாலேயே படிப்பது இந்தப் பயிற்சி. ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, கர்ப்பம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. வீட்டில் யூடியூப் பார்த்து யாருமே தனியாகச் செய்ய வேண்டாம்.

அப்புறம் பஸ். பயப்படும் இடங்களையெல்லாம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை பயத்துக்கு மார்க் போட்டோம். காந்திபுரம் ஸ்டாண்டில் நிற்கிற பஸ்ஸில் ஏறி உட்கார்வது 30. ஹோப்ஸ் வரை போய் இறங்குவது 50. காலை எட்டு மணிக் கூட்டத்தில் நடு சீட்டில், பாட்டில் இல்லாமல் திருப்பூர் வரை போவது 95. இது புதிய யோசனை கிடையாது. 1924-லேயே மேரி கவர் ஜோன்ஸ் என்ற அம்மையார், முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற சின்னப் பையனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துக்கொண்டே, முயல் கூண்டை நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் நகர்த்தினார். கடைசியில் பையன் முயலைத் தடவிக்கொடுத்தான்.

ஒவ்வொரு பயணத்துக்கு முன்னாலும் ஒரு கேள்வி வரும்.

“இன்னைக்குப் பஸ்ல என்ன நடக்கும்னு நினைக்கிறீங்க?”

“மயக்கம் போட்டு விழுந்துருவேனுங்க மேடம்.”

“எத்தனை சதவீதம்?”

“எண்பதுங்க.”

அதை நோட்டில் எழுத வேண்டும். இறங்கியதும் பக்கத்திலேயே நடந்ததை எழுத வேண்டும். முதல் வாரத்து வரி ஒன்று: ‘சித்ரா ஸ்டாப் வரை கை நடுக்கம். விழவில்லை. கண்டக்டர் சில்லறை கேட்டார், எடுத்துக் கொடுத்தேன்.’ நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. இந்த ரெண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருக்க இருக்க மூளை நன்றாகக் கற்கிறது என்று இந்தத் துறையில் இப்போது வலுவாகச் சொல்கிறார்கள். அதனால் பயம் முழுசாக இறங்கும்வரை காத்திருப்பது முக்கியமில்லை. பயந்துகொண்டே போனாலும் பாடம் ஏறும். பாட்டிலை விட்டுவிட்டு ஏறச் சொன்னதும் அதற்காகத்தான். பாட்டில் கையில் இருந்தால், பிழைத்த புண்ணியம் பாட்டிலுக்குப் போய்விடும்.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், இது தெரியாமல்தான் நிறையப் பேர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். பழைய பயம் அழிவதில்லை. அதன் மேல் புதுப் பாடம் ஒன்று எழுதப்படுகிறது, நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்பகுதி அமிக்டலாவை அடக்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதான். அடங்கிவிட்ட பழக்கம் கொஞ்ச நாள் இடைவெளிக்குப் பிறகு தானாகத் தலைதூக்குவதை பாவ்லோவே பார்த்திருக்கிறார். புதுப் பாடம் எந்த இடத்தில் படித்தோமோ அந்த இடத்தோடு ஒட்டிக்கொள்ளும் குணமும் உடையது. டாக்டர் ரூமில் மட்டும் படித்தால் ரூமில் மட்டும்தான் செல்லும். ஆகவேதான் காலைப் பஸ், மாலைப் பஸ், மழை நாள், பல்லடம் வழி என்று மாற்றி மாற்றிப் போகச் சொல்கிறார்கள். எல்லாம் சரியாகி ஐந்து மாதம் கழித்து ஒரு தீபாவளிக் கூட்டத்தில் எனக்குத் திரும்பவும் வந்தது. அது தோல்வி இல்லை என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் மறுநாளும் அதே பஸ்ஸில் ஏறினேன்.

மாத்திரை பற்றிச் சுருக்கமாக. எஸ்சிட்டலோபிராம் போன்றவை வேலை செய்ய ரெண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும், பலருக்கு நன்றாக உதவுகின்றன, தெரபியோடு சேர்த்தும் எடுக்கலாம். அல்பிரசோலம் வகை அரைமணியில் அமைதி தரும், ஆனால் பழகிவிட்டால் விடுவது சிரமம். கடையில் பழைய சீட்டைக் காட்டி வாங்கிப் பாக்கெட்டில் வைத்துக்கொள்வது இன்னொரு தண்ணீர் பாட்டில்தான்.

இதெல்லாம் மூளையின் தப்புக் கணக்கு என்று முடித்துவிடவும் கூடாது. பயணம் உண்மையிலேயே உடம்பைத் தேய்க்கிறது. நியூஜெர்சியிலிருந்து நியூயார்க்குக்கு ரயிலில் வேலைக்குப் போகிறவர்களின் எச்சிலைச் சோதித்து கேரி எவன்ஸும் ரிச்சர்ட் வீனரும் 2006-ல் எழுதினார்கள். பயணம் நீள நீள, கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் கூடியது. கையில் கட்டுப்பாடு இல்லை, எப்போது போய்ச் சேருவோம் என்பதும் தெரியாது. இந்த ரெண்டும் சேர்ந்தால் எந்த மனுஷனுக்கும் பாரம்தான். தெரபி ரோட்டைக் குறுக்காது. அதனால் எங்கள் சந்திப்புகளில் மூணில் ஒன்று வேலையைப் பற்றியே போனது. தீர்க்க வழியுள்ள கவலை எது, வெறுமனே சுற்றுகிற கவலை எது என்று பிரித்தோம். மீட்டிங்கைப் பத்தரைக்கு மாற்றக் கேட்பது முதல் வகை. கேட்டேன், மாற்றினார்கள். பையர் என்ன நினைப்பாரோ என்று ராத்திரி ரெண்டு மணிக்கு மெயிலைத் திறந்து பார்ப்பது ரெண்டாவது வகை. அதுவும் ஒருவிதத் தவிர்ப்புதான். பார்த்ததும் நிம்மதி, அடுத்த மணிநேரம் திரும்பவும் அரிப்பு. அதற்கும் பஸ்ஸுக்குப் போட்ட மாதிரியே ஒரு பட்டியல் போட்டோம்.

எங்கே போவது? 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசின் மனநல போன் உதவிச் சேவை 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது. இலவசம், எந்நேரமும், தமிழில் பேசலாம். கோயம்புத்தூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டமும் உண்டு. மருந்து எழுதுபவர் சைக்கியாட்ரிஸ்ட். தெரபி செய்யும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேட்கலாம், கேட்பதில் தப்பே இல்லை. முதல் நாள் பெரும்பாலும் போன ரெண்டு வாரத்தைப் பற்றி ஏழு கேள்விகள் கொண்ட தாள் ஒன்று தருவார்கள். மொத்தம் 21 மார்க், 10-ஓ அதற்கு மேலோ வந்தால் கூடுதலாக விசாரிப்பார்கள். தைராய்டு, ரத்தசோகை பார்க்கச் சொல்வார்கள், ஒரு நாளைக்கு எத்தனை காபி என்றும் கேட்பார்கள். மூணுமே நெஞ்சைப் படபடக்க வைக்கக் கூடியவை. நாற்பது தாண்டியவர்களோ சர்க்கரை உள்ளவர்களோ புதிதாக நெஞ்சு வலி வந்தால் இதைப் பதற்றம் என்று தாங்களே முடிவு கட்டக் கூடாது, முதலில் ஈசிஜி.

அப்புறம் தெரபி செய்பவரிடம் இன்னொன்றையும் கேளுங்கள்: “என்னை எப்போ பஸ்ல ஏறச் சொல்வீங்க?” பஸ் பயத்துக்காகப் போய், மாதக்கணக்கில் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை எண்ணுவது மட்டுமே நடக்கிறதென்றால் வேறொருவரைப் பாருங்கள். என்னுடையவர் முதல் நாளே காலண்டரை எடுத்து, மூணாவது வாரம் என்று குறித்தார்.