குழந்தையை யாரிடம் ஒப்படைப்பது? குழந்தைகள் நலக்குழு முடிவெடுக்கும் விதம்

பேருந்து நிலையத்தில் ஒரு பையன் தனியாகத் திரிகிறான். யாரோ குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்ய, அவனை அழைத்துப் போய்விடுகிறார்கள். விஷயம் தெரிந்து ஓடிவரும் வீட்டார் முதலில் கேட்பது, "எங்க பிள்ளைய எங்ககிட்ட குடுக்குறதுக்கு என்ன தடை?" நியாயமான கேள்வி. பதில், 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டத்தில் இருக்கிறது.

மீட்கப்பட்ட குழந்தையை, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக்குழுவின் முன் கொண்டுவர வேண்டும். குழுவில் ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். உறுப்பினர்களில் ஒருவராவது பெண். முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரம் இக்குழுவுக்கு உண்டு. ஆனாலும் உயர்ந்த மேடையில் உட்காரக் கூடாது, குழந்தைக்கும் தங்களுக்கும் இடையே கூண்டு, தடுப்பு எதுவும் இருக்கக் கூடாது என்கின்றன இச்சட்டத்துக்கான 2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகள்.

முடிவுக்கு அளவுகோல் குழந்தையின் நலன். அடிப்படை உரிமை, தேவை, அடையாளம், சமூக நலம், உடல், மனம், அறிவு ஆகியவற்றின் வளர்ச்சி என்று சட்டம் அதை விரிக்கிறது. யாருக்கு வசதி அதிகம் என்ற கேள்வி இதில் இல்லவே இல்லை. பாட்டியின் ஓட்டு வீட்டைவிடக் குழந்தைகள் இல்லத்தில் கட்டில், மெத்தை, மூன்று வேளைச் சாப்பாடு இருக்கிறது என்பது மட்டுமே பிள்ளையை அங்கே வைத்திருக்கக் காரணமாகாது. வளர்க்கும் பொறுப்பு முதலில் குடும்பத்துக்கு. இல்லம் என்பது கடைசி வழி. சட்டத்தின் 3-ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. வறுமையைக் கண்டதும் பிள்ளையைப் பிரிப்பது இச்சட்டத்தின் நோக்கத்துக்கே விரோதம் என்பேன்.

எல்லாம் தங்கியிருப்பது, குழந்தையின் குடும்பச் சூழலை விசாரித்து எழுதும் சமூக விசாரணை அறிக்கையில்தான். இதை 15 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். அலுவலர் வீட்டுக்கு வருவார், அக்கம்பக்கத்தில் கேட்பார், பள்ளிக்கூடத்துக்குப் போவார். அந்தப் பையனுக்குப் பத்து வயது, அம்மா செங்கல் சூளையில் வேலை, அவன் பாட்டியோடு இருந்தவன் என்று வைத்துக்கொள்வோம். வருகைப் பதிவேட்டைப் புரட்டினால், சூளை வேலை நடக்கும் மாதங்களில் மட்டும் அவன் பெயருக்கு நேரே விடுப்பாக இருக்கிறது. அம்மாவோடு சூளைக்குப் போயிருக்கிறான். இங்கே குறை பாசத்தில் இல்லை, கையில் காசு இல்லாததில். தகுதி இருந்தால், குழந்தைகள் பாதுகாப்புக்கான மிஷன் வாத்சல்யா என்ற அரசுத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவுக்கு வழிசெய்து, கண்காணிப்போடு பாட்டியிடமே அனுப்பலாம். அதே பையனின் முதுகில் தழும்பு இருந்து, வீட்டில் ஒருவர் பெயரைச் சொன்னதும் அவன் பேச்சு நின்றுபோனால் கதை வேறு. அப்போது 'பெற்றவர்கள்' என்ற உரிமை மட்டும் போதாது. தகுதியான வேறு உறவினர், தத்தெடுக்காமல் பிள்ளையைத் தங்கள் வீட்டில் வைத்துப் பராமரிக்கும் வளர்ப்புக் குடும்பம், அதுவும் அமையாவிட்டால் இல்லம்.

குழந்தையின் வார்த்தைக்கும் இடமுண்டு. வயதுக்கும் புரிதலுக்கும் ஏற்ப அதைக் குழு கணக்கில் எடுக்க வேண்டும். குழந்தை சொன்னதே தீர்ப்பாகிவிடாது; ஆனால் அதைக் கேட்காமல் முடிவெடுக்கவும் கூடாது.

ஆகவே அலுவலர் வரும்போது வீட்டு நிலைமையை மறைக்காதீர்கள். கடன், குடி, நோய் எதுவானாலும் சொல்லுங்கள்; எந்த உதவி தேவை என்பது அதிலிருந்துதான் தெரியவரும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக்கூடிய சித்தி, மாமா இருந்தால் அவர்களையும் குழுவின் முன் அழைத்துப் போங்கள். பிறப்புச் சான்று, ஆதார், பள்ளி ஆவணங்களில் கையில் இருப்பதை எடுத்துச் செல்லுங்கள். மீட்கப்பட்ட குழந்தையின் படத்தையோ பெயரையோ ஊடகங்களில் வெளியிடுவது குற்றம். ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

பொதுவாகக் குழந்தை முதலில் கொண்டுவரப்பட்ட நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் இறுதி உத்தரவு வர வேண்டும். உத்தரவில் உடன்பாடில்லை என்றால் 30 நாட்களுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். வளர்ப்புப் பராமரிப்பு, நிதி ஆதரவு தொடர்பான முடிவுகளுக்கு மாவட்ட ஆட்சியரிடம்.