ஊதா கலர்ல மூணு காளான் இருக்கு, எது எதுன்னு எப்படி பிரிக்கிறது?

இங்கிலாந்துல பீச், ஓக் காடுகள்ல இலையுதிர் காலத்துல மழை விட்டதும் சருகுக்கு நடுவுல கத்தரிப்பூ கலர்ல ஒரு குட்டிக் காளான் வரும், அமெதிஸ்ட் டிசீவர்னு சொல்வாங்க, அறிவியல் பேரு லக்காரியா அமெதிஸ்டினா, வில்லியம் ஹட்சன் 1778லயே பதிவு பண்ணி வச்சது. தொப்பி பெரும்பாலும் 6 செ.மீ.க்குள்ளதான். இவ்ளோ அழகான கலர வச்சே சொல்லிடலாமேன்னு தோணும், ஆனா இந்தக் காளான்ல நம்பவே கூடாதது அந்த கலரத்தான்.

ஏன்னா தொப்பிக்குள்ள இருக்குற பூஞ்சை இழைகளுக்கு நடுவுல தண்ணி நிக்கிற வரைக்கும்தான் அந்த அடர் ஊதா. காய காய தண்ணி இருந்த இடத்துல காத்து புகுந்துடும், வெளிச்சம் உள்ள போகாம சிதறிடும், தொப்பி வெளிறிப்போய் கிட்டத்தட்ட பழுப்பு வெள்ளையா ஆயிடும். ஈரத்துணி காஞ்சதும் வெளுப்பா தெரியுதே, அதே கணக்குதான்.

அதனால முதல்ல தொப்பிய திருப்பிப் பாருங்க. அடியில தகடு தகடா தொங்குற செவுள்கள் தடிமனா, நல்லா இடைவெளி விட்டு இருக்கும், தொப்பி வெளுத்த பிறகும் அங்க ஊதா போகாது. இத பாக்காம விட்டா ஆபத்து, ஏன்னா அதே காட்டுல ஐனோசைபி லைலசினான்னு இன்னொரு ஊதா காளான் இருக்கு, அதுல மஸ்கரின் விஷம். சாப்பிட்டா ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே வேர்வை கொட்டும், எச்சில் ஊறும், நாடித்துடிப்பு குறையும், ஆஸ்பத்திரில மாத்து மருந்தா அட்ரோபின் குடுப்பாங்க. பக்கத்துல என்ன மரம்னு பாத்தும் பிரிக்க முடியாது, ரெண்டுமே மர வேரோட கூட்டு வச்சு வாழுறதுங்க. ஆனா ஐனோசைபியோட செவுள் நெருக்கமா இருக்கும், வளர வளர களிமண் பழுப்பாயிடும்.

இன்னும் உறுதியா தெரியணும்னா தொப்பிய மட்டும் வெட்டி, செவுள் கீழ இருக்குற மாதிரி ஒரு கண்ணாடி மேல வச்சு டம்ளர் போட்டு மூடிடுங்க, ராத்திரி முழுக்க ஸ்போர், அதாவது காளானோட விதை மாதிரியான தூள், கொட்டி காலையில செவுளோட கோடு கோடா தடம் விழுந்திருக்கும். கறுப்பு பேப்பர் மேல வச்சுப் பாத்தா லக்காரியா வெள்ளையா தெரியும், ஐனோசைபி பழுப்பு.

ஆனா மைசினா பியூரான்னு ஒண்ணு இருக்கே, அதுவும் ஊதா, அதோட ஸ்போரும் வெள்ளை! கொஞ்சம் நசுக்கி மோந்து பாத்தா முள்ளங்கி வாசனை வரும், பாதி கேஸ் இதுலயே முடிஞ்சுடும். மிச்சத்துக்கு மைக்ரோஸ்கோப்தான். லக்காரியா ஸ்போர் உருண்டையா, சுத்தி முள்ளு முள்ளா, பாக்கவே அவ்ளோ அழகு. மைசினாவோடது வழுவழுன்னு நீள்வட்டமா இருக்கும், அயோடின் கலந்த மெல்சர் கரைசல் விட்டா நீலச்சாம்பலா மாறும். லக்காரியா அப்படி மாறாது.

சரியா கண்டுபிடிச்சுட்டோம்னு உடனே சமைக்கவும் முடியாதுங்க, மண்ணுல ஆர்செனிக் இருந்தா லக்காரியா அத இழுத்து தனக்குள்ள சேத்து வச்சுக்கும்.