மந்திரக் கதையைப் பிடுங்காதீர்கள்

"முதல்ல ஒழுங்கா வாசிக்க வரட்டும் மேடம், அப்புறம் கதை புக் தரலாம்." இந்த மாதமும் ஒரு அம்மா இதையேதான் சொன்னார். பையன் மூன்றாம் வகுப்பு. பறக்கும் கம்பளத்தில் ஏறி, பேசும் ஆந்தையைத் தேடிப் போகும் கதை ஒன்றை அவனாகவே எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தானாம். பொய்க் கதை என்று பிடுங்கி வைத்துவிட்டார்கள். வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் சிறப்பு ஆசிரியர் நான். இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும் என்று நம்பிவிடாதீர்கள். வகுப்பில் பலமுறை காதில் விழுந்த பாடம் அது. "பசு பால்" என்று தொடங்கினால் "தரும்" என்ற சொல்லைப் பார்க்கவே தேவையில்லை, வாய் தானாகச் சொல்லிவிடும். மாயக் கதையில் அது நடக்காது. அங்கே பசு பறக்கும், பாட்டுப் பாடும், பானைக்குள் ஒளிந்துகொள்ளும். என்ன செய்தது என்று தெரிய வேண்டுமென்றால் எழுத்தைப் பார்த்தே ஆக வேண்டும். குகைக் கதவைத் திறக்கும் மந்திரம் "கெம்புலா"வா "கேம்புலா"வா? ஊகிக்க வழியே இல்லை. ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். வாசிப்பைச் சோதிக்கும்போது நாங்கள் பொருளில்லாத சொற்களைத் தருவதும் இதற்குத்தான்.

பிள்ளை இதையெல்லாம் உண்மை என்று நம்பிவிடும் என்கிறார்கள். ஆந்தை நிஜமாகப் பேசுமா என்று கேட்டுப் பாருங்கள், உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

சரி, அதற்காகத் தடிமனான புத்தகத்தை வாங்கிக் கையில் திணிக்காதீர்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கத்தில் எளிதிலிருந்து கடினம் வரை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளாகப் புத்தகங்களைப் பிரித்திருக்கிறார்கள். நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு "நுழை"தான் சரியாக வருகிறது என்றால் அதிலேயே தொடங்குங்கள், அதில் அவமானம் ஒன்றுமில்லை. ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லி, தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்குங்கள். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம்.

பிள்ளை தடுமாறினால் உடனே பாய்ந்து சொல்லிக்கொடுக்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். களைத்துப்போனால் நீங்கள் ஒரு பக்கம், பிள்ளை ஒரு வரி என்று மாறி மாறி வாசியுங்கள். முடித்தவுடன் "இதிலிருந்து என்ன நீதி தெரிஞ்சுது?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. அடுத்த நாள் புத்தகத்தைத் தொடாது.

கதை ஆசை இருந்தும், இரண்டாம் வகுப்பு முடிந்த பிறகும் எழுத்துகள் குழம்புகின்றனவா, வரி தவறிப் போகிறதா? முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அவை சரியாக இருந்தால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று உரியவரிடம் காட்டுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே அதை அங்கீகரித்திருக்கிறது. சோம்பேறி என்று திட்டித் திட்டி ஐந்தாம் வகுப்பில் கூட்டி வருகிறார்கள். அதற்குள் அந்தப் பிள்ளை தன்னை மக்கு என்றே முடிவுகட்டியிருக்கும். அவ்வளவு நாள் காத்திருக்காதீர்கள்.