ஒண்டிக்கு ஒண்டி சண்டை: இருவரின் சம்மதத்தைச் சட்டம் எதுவரை ஏற்கிறது?

இருவர் தாமாகவே பேசி முடிவு செய்து, ஆயுதம் எதுவுமின்றி வெறுங்கையால் மோதிக்கொண்டால் வழக்கு எதுவும் வராது என்ற எண்ணம் இளைஞர்களிடையே பரவலாக இருக்கிறது. அதில் உண்மை சிறிதளவே உண்டு. மீதியை நம்பி இறங்குபவர்கள் சிறை வரை செல்ல நேரிடும் என்பதால் சட்டத்தைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 25ஆவது பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 87ஆவது பிரிவின் தொடர்ச்சி. 18 வயதைக் கடந்த ஒருவர் வாயால் சொல்லியோ நடத்தையால் உணர்த்தியோ சம்மதித்து ஏற்கும் தீங்கு குற்றமாகாது என்று அது கூறுகிறது. பொழுதுபோக்காக வாள்வீச்சில் ஈடுபடும் இருவரையே சட்டம் எடுத்துக்காட்டாகத் தருகிறது: முறை தவறாமல் ஆடும்போது ஒருவருக்கு அடிபட்டால் மற்றவர் குற்றவாளி ஆகமாட்டார். ஆனால், மரணத்தையோ கொடுங்காயத்தையோ விளைவிக்கும் நோக்கமும், அவை நேரக்கூடும் என்ற அறிவும் தாக்கியவருக்கு இல்லாதபோது மட்டுமே இந்தப் பாதுகாப்பு கிடைக்கும்.

கொடுங்காயம் என்றால் கை, கால் போவதைத்தான் பலர் நினைக்கிறார்கள். 116ஆவது பிரிவின்படி ஒரு பல் உடைவதும், எலும்பு முறிவதும், 15 நாள் கடும் வலியில் தவிப்பதும் கொடுங்காயமே. முகத்தைக் குறிவைத்துக் குத்துபவர், மூக்கெலும்பு முறியக்கூடும் என்று தனக்குத் தெரியாது என நீதிமன்றத்தை நம்பவைப்பது மிகக் கடினம். அதற்கு 117ஆவது பிரிவின்படி ஏழாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. சாவு நேரக்கூடும் என்று அறிந்தே தாக்கி எதிராளி இறந்துவிட்டால், அவர் 18 வயதைக் கடந்தவராக இருந்து அந்த ஆபத்துக்குச் சம்மதித்திருந்தாலும், கொலை என்ற குற்றச்சாட்டுதான் குறையும். கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் நிற்கும்.

அச்சத்தில் கொடுத்த சம்மதமும், என்னவென்று புரியாத அளவு போதையில் கொடுத்த சம்மதமும் 28ஆவது பிரிவின்படி சம்மதமே அல்ல. எதிராளி 17 வயது மாணவராக இருந்தால் 25ஆவது பிரிவு உதவாது. கடற்கரை, மைதானம் போன்ற பொது இடத்தில் சண்டையிட்டு அமைதியைக் குலைத்தால், ஒருவருக்கும் காயமே இல்லாவிட்டாலும், 194ஆவது பிரிவின்படி ஒரு மாதம் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

உடலுக்கு நேரும் ஆபத்து இதைவிடப் பெரிது. தாடையில் விழும் ஒரே குத்தில் நினைவிழந்து சாய்பவரால் கையூன்றித் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது. தலை தார்ச்சாலையிலோ சிமெண்டுத் தரையிலோ மோதும்போதே உயிருக்கு ஆபத்து நேர்கிறது. குத்துச்சண்டை மேடையில் மெத்தைத் தரையும் நடுவரும் மருத்துவரும் இருப்பது இதனால்தான். குத்தியவருக்கும் கை எலும்பு முறியலாம். எதிராளியின் பல் கிழித்த விரல்மூட்டுக் காயத்தில் கிருமி புகுந்து மூட்டையே பாழாக்கலாம்.

மண்டையோட்டுக்குள் இரத்தம் கசியும் சிலர், அடிபட்டவுடன் எழுந்து நன்றாகப் பேசிவிட்டு, சில மணி நேரம் கழித்து மயங்கிச் சரிவதுண்டு. ஆகவே தலையில் அடிபட்டவருக்கு வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழப்பமான பேச்சு, வழக்கத்துக்கு மாறான தூக்கம் ஆகியவற்றில் எது தென்பட்டாலும், வழக்குக்கு அஞ்சி மறைக்காமல் உடனே 108க்கு அழையுங்கள். எப்போது, எப்படி அடிபட்டது என்பதை மருத்துவரிடம் உள்ளபடி கூறுங்கள்.